விளக்கெண்ணெய் விடுப்பில் போகிறார்

“நான் இல்லேன்னா இங்க என்ன ஆகும் தெரியுமா?” என்று கேட்கிற ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. கேள்வி என்று எண்ணி நீங்கள் பதில் சொல்லிவிடக் கூடாது. “என்ன ஆகும், ஒண்ணும் ஆகாது” என்று சொன்னவரோடு இவர்கள் ஆயுசுக்கும் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்வதில்லை. அடுக்குமாடியில் தண்ணீர் மோட்டாரின் சுவிட்சை வேறு யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, தொட்டி நிரம்பி மாடிப்படியில் அருவி இறங்கும்போது வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறாரே, அவர் இந்த இனம். கல்யாண வீட்டில் சாமான் அறையின் சாவியைத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு, சாமான் தேவைப்படுகிற நேரமாகப் பார்த்துக் காணாமல் போகிறாரே, அவரும் இதே இனம். பெண்களில் இந்த இனம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் உண்மையிலேயே ஏதாவது ஆகிவிடுகிறது. அதனால் அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்க முடியவில்லை.

இன்றைக்கு நாம் பார்க்கப்போவது இந்த இனத்தின் நவீன வகையை. கம்ப்யூட்டர் வகை.

ஊர் ஊராகப் பார்சல் அனுப்புகிற ஒரு கம்பெனியில் சர்வர் பிரிவுக்குத் தலைவர் அவர். பிரிவு என்றால், சமீப காலம் வரைக்கும், அவரும் அவருடைய சுழல் நாற்காலியும்தான். சர்வர் என்றால் தோளில் துண்டோடு வந்து “என்ன சாப்பிடறீங்க?” என்று கேட்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். இது வேறு சர்வர். குளிரூட்டிய ஓர் அறையில், இரும்பு அலமாரிக்குள் தட்டுத் தட்டாக அடுக்கிவைத்த கம்ப்யூட்டர்கள். எந்தப் பார்சல் எந்த வண்டியில் ஏறி எந்தத் தெருவில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவற்றுக்குத்தான் தெரியும். ஒரு கூட்டத்தில் இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “கவலையே படாதீங்க. சர்வரை நான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்துக்கறேன்” என்று முழங்கினார். அன்று சாயங்காலமே அலுவலகம் முழுக்க அவருக்கு ‘விளக்கெண்ணெய்’ என்று பெயர் விழுந்துவிட்டது. மாடிப்படியில் யாரோ அப்படிச் சொல்வதைக் காதில் வாங்கியபோது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் ஏன் வைத்துக்கொண்டார்கள் என்று அவர் யோசித்துப் பார்க்கவில்லை.

சரி, இவர் அப்படி எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்? அதை ஒரு நிமிஷம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சர்வரிலும் ‘ஏஜென்ட்’ என்று ஒரு சின்ன புரோகிராம் உட்கார்ந்திருக்கும். அதன் உத்தியோகம் கோள் சொல்வது. சர்வருக்கு மூச்சு இருக்கிறதா, சூடு ஏறிவிட்டதா, உள்ளே இடம் நிரம்பி வழிகிறதா என்று விடாமல் பார்த்து, விளக்கெண்ணெயின் திரைக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். எல்லாம் நலம் என்றால் பச்சைப் புள்ளி. இல்லையென்றால் சிவப்பு.

இந்த ஏஜென்ட்டை இரண்டு விதமாக ஓட்டலாம். ஒன்று, ‘சர்வீஸ்’ ஆக. மெஷின் விழித்தால் தானும் விழித்துக்கொள்ளும். விழுந்தால் தானே எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கும். யாரும் உள்ளே போய்த் தட்டி எழுப்ப வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து விசிற வேண்டாம். பின்னணி பாடுகிறவர் மாதிரி முகம் தெரியாது, பாட்டு மட்டும் ஓடும். இன்னொன்று, கையால் ஓட்டுவது. நீங்கள் உங்கள் பெயரில் சர்வருக்குள் போய், ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து, அதில் ஆணையைத் தட்டி ஓடவிட வேண்டும். அந்த ஜன்னல் திறந்திருக்கிற வரைக்கும்தான் ஏஜென்ட்டுக்கு உயிர். ஜன்னலை மூடினால் போச்சு. உங்கள் கம்ப்யூட்டரை அணைத்தால் போச்சு. கரண்ட் போனால் போயே போச்சு.

விளக்கெண்ணெய் எந்த விதத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

அதனால் அவருடைய கம்ப்யூட்டர் அணைக்கப்படுவதே இல்லை. திரை நிறைய கறுப்பு ஜன்னல்கள், ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். திரையின் உச்சியில் சிவப்பு மையில் ஒரு காகிதம்: ‘தொடாதீர்கள். உயிர் ஓடிக்கொண்டிருக்கிறது.’ காலையில் வந்ததும் பையை இறக்குவதற்கு முன்னால், குனிந்து ஒவ்வொரு ஜன்னலையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு “ம்” போடுவார். கடைசி “ம்” விழுந்த பிறகுதான் நாற்காலியில் உட்காருவார். அலுவலகத்தைத் துப்புரவு செய்கிற அம்மாள் வேலைக்கு வந்த புதிதில் அந்த மேசையைக் கண்டு மனம் பொறுக்காமல் கேட்டார்.

“சார், இந்த மேசைய மட்டும் ஒரு தடவ துடைச்சுக்கட்டுமா?”

“தொட்டுடாதீங்கம்மா! கை பட்டுதுன்னா பார்சல் எல்லாம் அங்கங்க நின்னுடும்.”

“துடைப்பம் பட்டாலுமா சார்?”

“துடைப்பம் பட்டா கம்பெனியே நின்னுடும்.”

அம்மாள் துடைப்பத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார். அன்றிலிருந்து அந்த மேசையைச் சுற்றி மட்டும் பெருக்குகிறார். மேசையின் மேல் டீ கிளாஸ் பதிந்த வட்டங்கள், மரத்தின் வயதைச் சொல்கிற வளையங்களைப் போல ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன.

கரண்ட் போகிற நாள்தான் அவருடைய பொன்னாள். கரண்ட் திரும்பி வந்ததும் திரையில் புள்ளிகள் அத்தனையும் சிவந்திருக்கும். அலுவலகமே அவருடைய நாற்காலிக்குப் பின்னால் வந்து குவியும். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, விரல்களைச் சொடுக்கிக்கொண்டு, “கொஞ்சம் காத்து வர வழி விடுங்க” என்று சொல்லி, ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து ஒவ்வொரு ஏஜென்ட்டாக உயிர்ப்பிப்பார். ஒவ்வொரு புள்ளி பச்சையாகும்போதும் திரும்பிக் கூட்டத்தைப் பார்ப்பார். கூட்டமும் மூச்சை விடும். கடைசியில் மேலாளர் அவர் தோளில் கையை வைத்து, “நீங்க மட்டும் இல்லேன்னா…” என்று பாதியில் நிறுத்துவார். அந்த அரை வாக்கியத்தை வைத்துக்கொண்டு நம் ஆள் அடுத்த கரண்ட் வெட்டு வரைக்கும் ஜீவனம் நடத்திவிடுவார். கட்டிலின் ஒரு காலைத் தானே அறுத்துவிட்டு, அந்த இடத்தில் தன் முதுகைக் கொடுத்துக் குந்தியிருக்கிறவரைப் பார்த்து, “ஐயோ, எவ்வளவு பாரம் தாங்குகிறார்!” என்று ஊரே உச்சுக் கொட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

வீட்டிலும் இதே கதைதான். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு போன், சட்டைப் பையில் ஒரு போன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் தட்டுப் பக்கத்துப் போன் அலறியது.

“என்னது! ஏஜென்ட் செத்துட்டானா? எப்போ?… யாரும் கிட்ட போகாதீங்க, அப்படியே விடுங்க, நான் வந்து எழுப்பறேன்.”

எதிரே உட்கார்ந்திருந்த மாமியார் வாயருகே போன கையைக் கீழே இறக்கிவிட்டார்.

“ஐயையோ! முந்தாநாள்கூட வந்து பாலிசி பேப்பரைக் குடுத்துட்டுப் போனாரே மாப்பிள்ளை! புள்ளகுட்டிக்காரராச்சே!”

“அவர் இல்ல அத்தை. இது வேற ஏஜென்ட்.”

“அப்ப இந்த வீட்டைப் பார்த்துக் குடுத்தாரே, அவரா?”

“அத்தை, இது மனுஷனே இல்ல.”

“சரி, சரி. என்ன இருந்தாலும் போய்ச் சேர்ந்தவங்களை அப்படிச் சொல்லாதீங்க. பாவம்.”

மாப்பிள்ளை கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார். செத்தவனை எழுப்பப் போகிறாராம் என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னது தனிக் கதை.

இதையெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காஸ் தீர்ந்ததா, மாமியாருக்கு மாத்திரை வாங்கியதா, வீட்டு வரி கட்டியதா, இவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்ததா என்பதெல்லாம் அந்த வீட்டில் பேச்சாகவே எழுந்ததில்லை. எல்லாம் எப்படியோ நடந்துகொண்டிருந்தது. எப்படி என்று நம் ஆள் கேட்டதும் இல்லை. அந்த அம்மாளுக்குப் பித்தப்பையில் கல். வலி வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். எடுத்துவிடலாம், சின்ன ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“கல்லுதானே?” என்றார் விளக்கெண்ணெய். “அது எங்க ஓடிடப் போவுது? இந்த மாசம் புது சர்வர் வருது. அது முடியட்டும்.”

புது சர்வர் வந்தது. அதற்கும் ஒரு கறுப்பு ஜன்னல் திறந்தாயிற்று. “இப்பப் போய் லீவு எடுத்தா, நான் இல்லாம…” என்றார். மனைவி ஆபரேஷனைத் தள்ளிப் போட்டார். பிறகு இன்னொரு தடவை தள்ளிப் போட்டார். ஒரு நாள் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோது வலி தாங்காமல் கரும்பலகையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சக டீச்சர்கள்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பை சீழ் பிடிக்கிற நிலையில் இருக்கிறது, இனி ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாத விஷயத்தை இத்தனை காலம் தள்ளியிருக்கிறீர்களே, படித்தவர்கள்தானே என்று டாக்டர் பிடிபிடியென்று பிடித்தார். அன்றைக்கு வீடு திரும்பியதும் அந்த அம்மாள், குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல், கணவரிடம் சொன்னார்:

“வர்ற புதன்கிழமை ஆபரேஷன். கூட ஒருத்தர் இருக்கணுமாம். அம்மாவால ஆஸ்பத்திரி மாடி ஏற முடியாது. நீங்க வர்றீங்களா, இல்ல உங்க ஏஜென்ட்டை அனுப்பறீங்களா?”

விளக்கெண்ணெய் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மனைவியை நினைத்துப் பயம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்குப் பக்கத்திலேயே, அதைவிடக் கொஞ்சம் உயரமாக, இன்னொரு பயமும் உட்கார்ந்திருந்தது. ஒரு வாரம் தான் இல்லாவிட்டால் கம்பெனி என்ன ஆகும்? அதற்கும் அடியில் ஒரு கேள்வி இருந்தது. அதை அவர் தனக்குள்ளேயே கேட்டுக்கொள்ளவில்லை. ஒன்றும் ஆகாவிட்டால் தான் என்ன ஆவது?

மறுநாள் மேலாளரிடம் போய், ஒரு சாவுச் செய்தியைச் சொல்கிற பதமான குரலில், விடுப்பு வேண்டும் என்றார். மேலாளர் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தார். மேலாளர், “அடடா, தாராளமா போயிட்டு வாங்க. அவங்களைப் பார்த்துக்குங்க” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

“இல்ல சார், ஏஜென்ட்…”

“ஆமா, அதுக்கு என்ன வழி?”

இந்தக் கேள்விக்குத்தான் நம் ஆள் காத்திருந்தார். பெருமூச்சு விட்டு, தலையை மெல்ல ஆட்டி, வழியே இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தப் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த இன்ஜினியர்ப் பெண்.

“சர்வீஸா போட்டுடலாமே சார்?”

விளக்கெண்ணெய் திரும்பினார். “சர்வீஸா? என் சர்வீஸ் எத்தனை வருஷம்னு தெரியுமாம்மா உனக்கு?”

“அந்த சர்வீஸ் இல்ல சார். ஏஜென்ட்டை சர்வீஸா…”

“எந்த சர்வீஸா இருந்தா என்ன? அனுபவம்னு ஒண்ணு இருக்கில்ல? அதுங்களை அப்படிக் கண்ணுக்குத் தெரியாம விட்டா கெட்டுப் போயிடும்.”

“அதுல கெட்டுப்போக என்ன சார் இருக்கு?” என்று அந்தப் பெண் நிஜமாகவே புரியாமல் கேட்டாள். மேலாளர் டம்ளரைக் கீழே வைத்தார். “போட்டுடுங்களேன்” என்றார்.

போட்டுவிட்டாள். விளக்கெண்ணெய் மனத்தைத் தேற்றிக்கொள்ள ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் வேலை முடிந்திருந்தது. “இனிமே அந்த ஜன்னல்களை மூடிடலாம் சார்” என்றாள். அவரே மூடினார், ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றை மூடும்போதும் மேலே நிமிர்ந்து புள்ளிகளைப் பார்த்தார். கடைசி ஜன்னலில் விரல் கொஞ்சம் தயங்கியது. அழுத்தினார். புள்ளிகள் பச்சையாகவே இருந்தன. ஒரே ஒரு புள்ளியாவது, பழகிய தோஷத்துக்காகவாவது, ஒரு கணம் சிவந்து காட்டக் கூடாதா? இல்லை.

“இப்ப இது யார் பேர்ல ஓடுது?”

“அதுக்குன்னே தனியா ஒரு பேர் போட்டுட்டேன் சார். உங்க பேர் தேவைப்படாது.”

தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை ஒரு வார்த்தை சொல்லாமல் தனிக்குடித்தனம் போய்விட்டது போலிருந்தது அவருக்கு.

“விழுந்துட்டா?”

“தானே எழுந்துக்கும் சார்.”

“எழுந்துக்கலேன்னா?”

“எனக்கு மெசேஜ் வந்துடும்.”

“எனக்கு?”

“நீங்கதான் லீவாச்சே சார்.”

அந்தப் பெண் இதை மரியாதையாகத்தான் சொன்னாள். அவர் இரண்டு போன்களையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஆஸ்பத்திரியில் முதல் நாள். மனைவி தனக்கு வேண்டிய ரிப்போர்ட், பிளாஸ்க், துண்டு, போர்வை, இவருக்கு வேண்டிய மாத்திரை, மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் தானே எடுத்து வந்திருந்தார். இவர் லேப்டாப் எடுத்து வந்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு நோயாளி; அவருக்குத் துணையாக அவருடைய தம்பி. தம்பிக்கு லாரி ஓட்டுகிற தொழில். வராந்தா பெஞ்சில் நம் ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிற போகிற ஸ்ட்ரெச்சருக்கெல்லாம் எழுந்து போய்க் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

போன் அடிக்கவில்லை. விளக்கெண்ணெய் அதை எடுத்துப் பார்த்தார். சத்தம் குறைந்திருக்கிறதா? இல்லை. சிக்னல்? இருந்தது. இன்னொரு போன்? அதுவும் வாயை மூடிக்கொண்டிருந்தது. கடைசியில் லாரிக்காரரிடம் திரும்பினார்.

“தம்பி, என் நம்பருக்கு ஒரு போன் போடுங்க.”

“ஏன் சார், தொலைஞ்சு போச்சா? கையிலதானே இருக்கு?”

“போடுங்க தம்பி, சொல்றேன்.”

போட்டார். அடித்தது, வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி. ஆக, பழுது போனில் இல்லை. நம் ஆளுக்கு முகம் விழுந்துவிட்டது. சாயங்காலம் தாங்க முடியாமல் அவரே அலுவலகத்தைக் கூப்பிட்டார்.

“ஏதாவது பிரச்சினையாம்மா?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“ஒண்ணுமேவா?”

“மத்தியானம் கரண்ட் போச்சு சார். வந்ததும் அதுவே எழுந்துடுச்சு. இங்க யாருக்கும் தெரியக்கூட இல்ல. நீங்க நிம்மதியா இருங்க.”

கரண்ட் போயிருக்கிறது! அவருடைய பொன்னாள்! யாருக்கும் தெரியக்கூட இல்லையாம். இந்த இனத்து மனிதரிடம் போய் நிம்மதியாக இருங்கள் என்று சொல்வதும், மண்ணை வாரித் தூற்றிச் சாபம் இடுவதும் ஒன்றுதான்.

மறுநாள் காலையில் மனைவியை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். கதவருகில் ஸ்ட்ரெச்சர் நின்றபோது அவர் இவர் கையைப் பிடித்தார். பிடி கொஞ்சம் இறுக்கமாகவே இருந்தது.

“முடிஞ்சதும் டாக்டர் வெளிய வந்து கூப்பிடுவாராம். இங்கயே இருங்க.”

“வேற எங்க போகப் போறேன்?” என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

கதவு மூடிக்கொண்டது. மனைவியின் கை அவ்வளவு சில்லிட்டு இருந்ததை அவர் இதற்கு முன் அறிந்ததில்லை. எழுந்தார், நடந்தார், உட்கார்ந்தார். உள்ளே டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், மெஷின் இருக்கிறது. எல்லாம் தத்தம் வேலையைப் பார்க்கின்றன. இவர் செய்ய ஒன்றுமில்லை. வெறுமனே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதுதான் அவருக்குத் தெரியாத வித்தை. பயந்த மனிதன் பழகிய வேலையைத் தேடிப் போவான் இல்லையா? லேப்டாப்பை எடுத்தார். வராந்தாவில் இன்டர்நெட் சரியாகக் கிடைக்கவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் நன்றாகக் கிடைத்தது. இதோ ஒரு நிமிஷம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

திரையில் எல்லாம் பச்சை. பச்சை, பச்சை, ஒரே பச்சை. பார்க்கப் பார்க்க அவருக்குச் சந்தேகம் வந்தது. நிஜமாகவே பார்த்துக்கொண்டிருக்கிறதா, இல்லை சும்மா பல்லைக் காட்டுகிறதா? பொறுப்புள்ள ஒருவர் பரிசோதித்துப் பார்க்க வேண்டாமா? நான் இல்லாத நேரத்தில் ஏஜென்ட் செத்தால் இவர்கள் கவனிக்கிறார்களா என்று தெரிய வேண்டாமா? பரிசோதனைதான், வேறொன்றும் இல்லை. தன் பெயரில் சர்வருக்குள் போய் ஏஜென்ட்டின் கழுத்தில் கையை வைத்தார். அடித்தார்.

செத்தது. ஐந்தாறு நொடி கழித்து எழுந்து உட்கார்ந்தது.

மறுபடி அடித்தார். மறுபடி எழுந்தது. இன்னொன்றை அடித்தார், அதுவும் எழுந்தது. அவருக்கு வேர்த்தது. இத்தனை காலம் செத்தவனை எழுப்புவதில் பெயர் வாங்கிய மனிதர், இப்போது எழுகிறவனைச் சாகடிக்கப் படாத பாடு பட்டார். வரிசையாக அடித்தார், வரிசையாக எழுந்தன. அடித்த கையோடு “கிட, கிட, அங்கேயே கிட” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். படியேறி வந்த ஒரு கிழவர் சுவரோரமாக ஒதுங்கிப் போனார். அவ்வளவு அடித்தும் திரையில் ஒரு புள்ளிகூட நிலையாகச் சிவக்கவில்லை. லேசாகக் கண் சிமிட்டும், பழையபடி பச்சையாகிவிடும்.

அப்போதுதான் போன் அடித்தது.

அலுவலகம்! அவருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு உரிய களைத்த குரலில் எடுத்தார்.

“சொல்லும்மா. என்ன, பிரச்சினையா?”

“ஆமா சார், சின்ன பிரச்சினை. தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க. உங்க பேர்ல யாரோ உள்ள பூந்து ஏஜென்ட்டைத் திரும்பத் திரும்பச் சாகடிக்கறாங்க.”

“அப்படியா!”

“நீங்கதான் ஆஸ்பத்திரியில மேடம் பக்கத்துல இருக்கீங்களே, நீங்களா இருக்க முடியாது. உங்க பாஸ்வேர்ட் திருடுபோயிருக்கும்னு தோணுச்சு. அதான் மேலாளர்கிட்ட சொல்லி உங்க அக்கவுன்டைப் பூட்டிட்டோம்.”

“பூட்டிட்டீங்களா? அப்ப… ஏஜென்ட்?”

“அது பாட்டுக்கு ஓடுது சார். அதுதான் உங்க பேர்ல இல்லையே. நீங்க திரும்பி வந்ததும் உங்களுக்குப் புதுசா ஒண்ணு போட்டுத் தர்றேன்.” கொஞ்சம் நிறுத்தி, “அவசரம் ஒண்ணும் இல்ல சார்” என்றாள்.

அந்தப் பெண் விவரம் தெரியாமல் சொன்னாளா, தெரிந்தேதான் சொன்னாளா? எனக்கும் தெரியாது. போன் வைக்கப்பட்டது. லேப்டாப்பில், உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு வரி வந்து நின்றது. அந்த வாரம் முழுவதும் அந்தக் கம்பெனியின் சர்வர்களுக்கு நேர்ந்த ஒரே கோளாறு விளக்கெண்ணெய்தான். அதையும் சரிசெய்துவிட்டார்கள்.

மூடி வைத்துவிட்டு எழுந்தபோதுதான் வராந்தா ஞாபகம் வந்தது. ஓடினார். பெஞ்ச் காலியாக இருந்தது. லாரிக்காரரையும் காணோம். ஆபரேஷன் அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒருவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வார்டுக்குள் நுழையப் போனவரை நர்ஸ் கையை நீட்டி மறித்தார்.

“யாரு நீங்க?”

“இவங்க கூட வந்தவன். டீச்சருக்கு…”

“கூட வந்தவர் உள்ள இருக்காரே!”

இருந்தார். மனைவியின் கட்டிலருகே லாரிக்காரர், ஒரு கையில் மருந்துக் கடைப் பையும் இன்னொரு கையில் ஈரப் பஞ்சுமாக நின்றுகொண்டு, உலர்ந்திருந்த உதட்டில் பஞ்சை ஒற்றிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“வாங்க சார், எங்க போயிட்டீங்க? டாக்டர் வந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாரு. அவசரமா ஒரு ஊசி மருந்து வேணும், கூட வந்தவங்க யாருன்னு கேட்டாரு. சரி, நான்தான்னு சொல்லிட்டேன். இப்ப ஒண்ணும் பயமில்லையாம். கல்லைக்கூட எங்கிட்டதான் சார் காட்டினாரு. இவ்ளோ பெருசு!”

விளக்கெண்ணெய் பஞ்சுக்குக் கையை நீட்டினார். மனைவி கண்ணைத் திறந்து இவரைப் பார்த்தார். இவர் குனிந்து, “அது… ஆபீஸ்ல திடீர்னு ஒரு அவசரம். ஒரு நிமிஷம்தான் போனேன். நான் இல்லேன்னா அங்க…” என்று ஆரம்பித்தார்.

“பரவாயில்லைங்க” என்றார் மனைவி. மயக்கம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. இருந்திருந்தால் விளக்கெண்ணெய் பிழைத்திருப்பார், ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். “நீங்க இல்லாம ஓடறதுக்கு நான் எப்பவோ பழகிட்டேன்.”

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். விளக்கெண்ணெய் பஞ்சைப் பிடித்தபடி நின்றார். உட்காரச் சொல்லி லாரிக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

நன்றாகச் சிரித்தீர்கள் அல்லவா? சிரியுங்கள், நானும் சிரித்தேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இதைப் படிக்க உட்கார்ந்ததிலிருந்து இந்த வரி வரைக்கும் உங்களை யாருமே கூப்பிடவில்லை, கவனித்தீர்களா? அடுத்த அறையில் பாத்திரச் சத்தம் கேட்கிறது, யாரோ யாருடனோ பேசுகிறார்கள், ஏதோ வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. எழுந்து போய் எட்டிப் பார்த்து, “எல்லாம் சரியா நடக்குதா?” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு வரலாமே என்று உங்களுக்குக் கை கால் பரபரக்கிறதே, போகாதீர்கள். நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.